பத்தாவது தப்பு

அத்தியாயம் 6

மேசை நடுவில் கிடந்த பென் டிரைவைப் பார்க்கப் பார்க்க, சங்கமித்ராவுக்கு அதைத் தூக்கிக் கடலில் வீசலாம் போல இருந்தது. கடலும் தூரமில்லை. ராயபுரத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேலே வாடகைக்கு எடுத்த இந்த ஒற்றை அறையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் மீன் வாடை வரும், அப்புறம்தான் கடல் தெரியும்.

சுண்டுவிரல் நீளம். கறுப்பு உடம்பு. முதுகில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பொடிப் பொடிப் பொத்தான்கள். சரியான ஏழு எண்களை அமுக்கினால் பச்சை விளக்கு எரிந்து கதவைத் திறக்கும். தப்பென்றால் சிவப்பு. பத்தாவது முறையும் தப்பென்றால் உள்ளே இருப்பதையெல்லாம் தானே அழித்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி உட்கார்ந்துவிடும். கம்ப்யூட்டரில் செருகி ஏமாற்றவும் முடியாது. பூட்டு அதன் உடம்புக்குள்ளேயே இருந்தது. கூட வந்த சிட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

இதுவரை ஒன்பது தப்பு ஆகிவிட்டது.

"நிக்காவுக்கே மூணு தபாதான் சம்மதமான்னு கேப்பாங்கோ மேடம். இது பத்து தபா கேக்குது. ஒம்போது தபாவும் நாம பேந்தப் பேந்த முழிச்சிகினு நின்னோம்" என்றான் காஜா மொய்தீன்.

காஜாவுக்கு நாற்பது வயது. வண்ணாரப்பேட்டையில் பதினான்கு வருஷம் ஆட்டோ ஓட்டியவன். இரண்டு வருஷமாக அவளுடைய துப்பறியும் வேலைக்கு உதவியாளன். ஆட்டோவையும் விடவில்லை, வாயையும் விடவில்லை.

"காஜா பாய், சும்மா இருக்கிறதுக்கு இன்னா வேணும் உங்களுக்கு?"

"ஒரு டீ."

எதிரே உட்கார்ந்திருந்த மதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தண்டையார்பேட்டையில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காலர் தைப்பவள். அவள் புருஷன் வல்லரசு, திருவொற்றியூர் ஆழித்துறை கன்டெய்னர் யார்டில் ஸ்டாக்கர் வண்டி ஓட்டியவன். கன்டெய்னரைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற ராட்சச வண்டி அது. இப்போது புழல் சிறையில் இருக்கிறான். நாலு வாரம் முன்பு யார்டில் ஒரு கன்டெய்னர் வெடித்து, பீம்ராவ் என்ற சுமை தூக்கும் தொழிலாளி கருகிச் செத்துப்போனான். பெட்டிக்குள் இருந்தது பழைய துணி மூட்டை என்றது கம்பெனி. வல்லரசு குடித்துப்போட்ட பீடிதான் காரணம் என்று எழுதியது போலீஸ்.

"அவரு பீடியே குடிக்க மாட்டாருக்கா, பாக்குதான்" என்று மதி இந்த அறைக்கு வந்த முதல் நாளே சொன்னாள். அதைக் கேட்க ஒரு காக்கிச் சட்டைக்கும் காது இல்லை.

பெட்டிக்குள் உண்மையில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே மனிதர் அப்பாவு. யார்டுக்குள் வந்துபோகும் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்துக் குறிக்கிற டேலி கிளார்க். வெடித்த ஒரு வாரம் கழித்து மதியின் வீட்டு வாசலுக்கு வந்து இந்தப் பென் டிரைவைக் கொடுத்தார். "எல்லாம் இதுல கீது. நம்பரு வல்லரசுக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன், அவனே சொல்லட்டும்" என்றார். மூன்றாம் நாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் லாரி அவர் சைக்கிளின் மேல் ஏறியது. விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

மதி சிறைக்குப் போய்க் கேட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலையைத் தொங்கப்போட்டு நின்ற வல்லரசு சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒரு நம்பரும் தெரியாது. அத்தக் கொண்டுபோய் கடல்ல போடு."

மாவட்ட விசாரணை அதிகாரி இன்று மாலை நான்கு மணிக்குக் கோப்பை மூடுகிறார். அதற்குள் புதிதாக எதுவும் வராவிட்டால் பீடிதான் காரணம், வல்லரசுதான் கொலைகாரன். மணி இப்போது பதினொன்றே கால்.

"மறுபடியும் சொல்லு மதி. யாரு இன்னா அமுக்கினீங்க?"

"என் தம்பி மூணு தபா. அவரு பொறந்த தேதி, எங்க கல்யாணத் தேதி, பாப்பா பொறந்த தேதி. செல்போன் கடைக்காரரு ஒண்ணுலர்ந்து ஏழு வரைக்கும் ஒரு தபா, ஏழுலர்ந்து ஒண்ணு வரைக்கும் ஒரு தபா. வக்கீல் ஐயா ஏழு முட்டை போட்டாரு."

"படிச்சவரு" என்றான் காஜா.

"அப்பறம் நானு, எம்புருசன் போன் நம்பர்ல மொத ஏழு, கடைசி ஏழு. எட்டாச்சு. ஒம்போதாவது..." மதி நிறுத்திக்கொண்டாள்.

ஒன்பதாவதை வீணாக்கியது சங்கமித்ரா. இன்று காலையில்தான். வெடித்த பெட்டியின் எண்ணையே பூட்டுக்கு வைத்திருப்பார் அப்பாவு என்று அவளுக்குப் பட்டது. கன்டெய்னர் எண் என்றால் நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஏழாவது எண். பூட்டுக்கும் ஏழு. முதல் தகவல் அறிக்கையில் இருந்ததைப் பார்த்து 6817824 என்று அமுக்கினாள். சிவப்பு எரிந்தபோது, பி.காம். படித்த மூளையைக் கழற்றிக் காசிமேட்டில் கூறு போட்டு விற்கலாம் என்று தோன்றியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய கட்டை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெடித்த அன்று பெட்டிகளை வெளியே விட யார்டு வாசலில் கொடுத்த கேட் பாஸ்களின் நகல்கள். மொத்தம் அறுபத்து மூன்று. ஜெராக்ஸ் எடுத்த புண்ணியவான் பாதியைக் கோணலாக எடுத்திருந்தான். புரட்டினாள், அச்சு. புரட்டினாள், அச்சு. எல்லாம் கம்ப்யூட்டர் கக்கிய தாள்கள். நாற்பத்தோராவதில் கை நின்றது.

"பாய், இத்தப் பாருங்க. இது மட்டும் கையால எழுதினது."

காஜா எட்டிப் பார்த்தான். "நம்ம பொட்டி!"

வெடித்த பெட்டியின் பாஸ்தான். நேரம் இரண்டு பதினைந்து. முந்தின பாஸ் இரண்டு பன்னிரண்டு, அச்சு. அடுத்தது இரண்டு பத்தொன்பது, அதுவும் அச்சு.

"கம்ப்யூட்டரு சோறு துன்னப் போயிருக்கும்" என்றான் காஜா.

"ஏழு நிமிஷத்துல யாரு துன்னுட்டு வராங்கோ? வண்டிய எடுங்க."

*

திருவொற்றியூர் போகிற சாலையில் டிரெய்லர்கள் துறைமுகம் திறக்கக் காத்து வரிசையாகப் படுத்திருந்தன. நாலு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்த சங்கமித்ரா, பல்லைக் கடித்துக் கடித்தே ஒரு பக்கத் தாடை வலிக்கிறது என்பதைக் கவனித்தாள்.

ஆழித்துறை யார்டு வாசலில் இன்னும் அரை மணி. காவலாளி அவளை உட்காரச் சொல்லவில்லை. பக்கத்தில் காலியாக ஒரு நாற்காலி இருந்தது, அதன்மேல் தன் தொப்பியை வைத்தான். காஜா "ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன்" என்று நழுவிவிட்டான்.

மேனேஜர் அய்யாத்துரை வந்தார். சலவைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் அளந்து வைத்த சிரிப்பு.

"துப்பறியும் நிபுணர்னு சொன்னாங்க. சின்னப் பொண்ணா இருக்கியேம்மா. என்ன படிச்சிருக்கே?"

"பி.காம்."

"ஃபர்ஸ்ட் கிளாஸா?"

"எங்க வூட்லயே ஃபர்ஸ்ட்."

"வியாசர்பாடிப் பக்கமோ?" என்றார். கேள்விக்குள் இருந்த இன்னொரு கேள்வி அவளுக்குப் பழையது. பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருவது.

"ஆமா. நாற்பத்தோராவது கேட் பாஸை ஏன் கையால எழுதினீங்க?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர்."

"மூணு நிமிஷம் முன்னாடி நல்லா இருந்துச்சு. பின்னாடி நாலு நிமிஷத்துல நல்லாயிடிச்சு. நடுவுல மட்டும் ரிப்பேரா?"

"கரண்ட் போயிருக்கும். சென்னைல கரண்ட் போறதுக்கு என்கிட்ட கணக்குக் கேட்டா எப்படிம்மா?" சிரிப்பு ஒரு அங்குலம் கூடியது. "இதோ பாரு, அந்தப் பொண்ணுக்கு நல்லது செய்யணும்னு எங்களுக்கும் இருக்கு. அந்தப் பென் டிரைவை எங்ககிட்டக் குடு. எங்க பசங்க ஒரு நிமிஷத்துல திறந்து குடுப்பாங்க."

"எந்தப் பென் டிரைவ்?"

அய்யாத்துரையின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கண் மட்டும் போய்விட்டது.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் பென் டிரைவ்னு ஒரு வார்த்தை சொல்லலியே சார்" என்றாள் சங்கமித்ரா.

"நாலு மணிக்கு அங்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே நடந்தார்.

வெயிலில் ஆட்டோவுக்குத் திரும்பினாள். காஜா ஏற்கெனவே முன் சீட்டில் இருந்தான். உதட்டில் டீ நுரை.

"நான் அங்க அவமானப்பட்டுகினு இருக்கேன், நீங்க டீ குடிச்சிகினு கீறீங்களா?"

"தனியா இல்ல மேடம். கேட்ல கம்ப்யூட்டர்ல தட்டுறாரே ரஷீது பாய், அவருகூட. கரண்டும் போவலியாம், ரிப்பேரும் இல்லியாம். அந்தப் பொட்டி நம்பர மூணு தபா தட்டியும் கம்ப்யூட்டரு ஒத்துக்கலியாம். தப்பு, தப்புன்னு கத்திச்சாம். அய்யாத்துரை வந்து, பேஜார் பண்ணாத, கையால எழுதிக் குடுன்னாராம். டீக்குக் காசு ரஷீது பாய்தான் குடுத்தாரு. அத்தையும் எழுதிக்கோங்க."

சங்கமித்ரா பின் சீட்டில் ஏறினாள். பெட்டியின் எண்ணை எதற்காக ஒரு கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிறது?

"நம்ம பக்கம் இந்தத் தொழில்ல யாராவது கீறாங்களா?"

"எங்க அக்கா நாத்தனார் பொண்ணு தாஹிரா. துறைமுகத்துலர்ந்து சரக்க வெளிய எடுத்துக் குடுக்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேல பாக்குது. தண்டையார்பேட்டை."

"ஓட்டுங்க. மதிக்குப் போன் போட்டு அங்கேயே வரச் சொல்லுங்க."

*

மணி இரண்டு இருபது. ஒரு மின்விசிறி, இரண்டு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கக் கப்பல் கம்பெனிக் காலண்டர்கள். தாஹிரா தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விசைப்பலகையை இழுத்தாள்.

"நம்பரச் சொல்லுங்கக்கா."

"இசட், க்யூ, வி, யூ. ஆறு எட்டு ஒண்ணு ஏழு எட்டு ரெண்டு. கட்டத்துக்குள்ள நாலு."

கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. திரையில் சிவப்புக் கோடு.

"இப்பிடி ஒரு பொட்டியே ஒலகத்துல இல்லக்கா" என்றாள் தாஹிரா.

"ஒரு ஆளக் கொன்னுட்டு இல்லன்னா எப்பிடி?" என்றான் காஜா.

"மாமு, சொல்றத கேளு. கட்டத்துக்குள்ள தனியா ஒரு நம்பர் கீதே, அது காவக்காரன் மாதிரி. முன்னாடி கீற நாலு எழுத்தையும் ஆறு நம்பரையும் ஒரு கணக்குல பெருக்கிக் கூட்டினா அதுதான் வரணும். ஒரே ஒரு நம்பரு மாறினாக்கூடக் காவக்காரன் காட்டிக் குடுத்துடுவான். எழுதறப்ப கை தவறினா கண்டுபுடிக்கிறதுக்குன்னே வெச்சது."

சங்கமித்ரா நிமிர்ந்தாள். மூன்று வாரமாக உடம்பில் ஏறியிருந்த எரிச்சல் முதல்முறையாக ஒரு திசையில் நகர்ந்தது.

"அப்போ யாரோ நம்பர மாத்தியிருக்கான். காவக்காரன மாத்த மறந்துட்டான்."

"பொட்டில நம்பர எப்பிடி மாத்துறது? அத்தாம்பெரிய எழுத்து" என்றான் காஜா.

"பெயிண்ட்தான்" என்றாள் சங்கமித்ரா.

ஆட்டோ பிடித்து வந்து வாசலில் மூச்சு வாங்க நின்ற மதி, "பெயிண்டா?" என்றாள். "அக்கா, வெடிச்சதுக்கு மொத நாளு அவரு வூட்டுக்கு வரச்சொல்லோ நகக் கண்ணு பூரா வெள்ளப் பெயிண்டு. கெரசின் போட்டுத் தேய்ச்சு வுட்டேன். ஒரு பொட்டில ஈரப் பெயிண்டு இருந்துச்சு, ஒட்டிகிச்சுன்னாரு."

"நம்பரெல்லாம் வெள்ளையிலதான எழுதுவாங்க?" என்று கேட்டபடியே சங்கமித்ரா ஒரு தாளை இழுத்து எண்களைப் பெரிதாக எழுதினாள். 6 8 1 7 8 2. "பாய், நீங்கதான் பெயிண்டர். ஒருத்தன் பின்னாடி நின்னு சீக்கிரம் சீக்கிரம்னு வெரட்டுறான். பழச அழிக்க நேரமில்ல. இருக்கிறதுமேலயே கோடு இழுத்துத்தான் மாத்தணும். எந்த நம்பர எதுவா மாத்துவீங்க?"

காஜா தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஒண்ணுக்குத் தலையில ஒரு கோடு போட்டா ஏழு. மூணோட வாய மூடிட்டா எட்டு."

"இதுல ஏழு ஒண்ணு, எட்டு ரெண்டு கீது. இதுல எதுவோ ஒண்ணு பொய். நெசமான நம்பருதான் அப்பாவு வெச்ச பூட்டு. அதனாலதான் நான் போட்டப்ப ஒத்துக்கல. ஒரே ஒரு நம்பர்ல தவற வுட்டுருக்கேன்."

காஜா பென் டிரைவை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். "மூணுல ஒண்ணு. சீட்டு குலுக்கிப் போட்டுப் பாத்துடலாமா?"

"கையக் கீழ எறக்குங்க பாய்! இதுக்குத்தான் ஒரே தபா. இந்தக் கம்ப்யூட்டருக்கு எத்தினி தபா வேணா தப்பாச் சொல்லலாம். கத்துமே ஒழிய சாவாது."

தாஹிரா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தட்டினாள். ஏழை ஒன்றாக்கினாள். கீச். முதல் எட்டை மூன்றாக்கினாள். கீச். இரண்டாவது எட்டை மூன்றாக்கினாள்.

கம்ப்யூட்டர் கத்தவில்லை. சிவப்புக் கோடு மறைந்து அடுத்த கட்டம் திறந்தது.

சங்கமித்ரா பென் டிரைவைச் செருகினாள். 6. 8. 1. 7. 3. 2. 4.

பச்சை.

"அல்லா!" என்றான் காஜா. அதற்குமேல் அவனிடமே நக்கல் இல்லை.

"தாஹிரா, மொத வேல, எல்லாத்தையும் ரெண்டு சி.டி.ல ஏத்து. அப்பறம் பாக்கலாம்."

சி.டி. சுழல, கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கப்பல் சீட்டு: பெட்டி எண் 6817324, உள்ளே தீப்பற்றும் ரசாயனம், எண்பது டிரம். சுங்கத்துறை உத்தரவு: இந்தப் பெட்டியை நகர்த்தக் கூடாது, வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு கையால் எழுதிய அந்தக் கேட் பாஸ். ஒரு எண்ணை மாற்றித் துணிமூட்டைப் பெட்டி என்று வெளியே எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். வெளியே போகும் முன் அது யார்டிலேயே வெடித்துவிட்டது. பெயிண்ட்டும் எரிந்துபோனது. சாட்சி இல்லை என்று தைரியமாக இருந்திருக்கிறார்கள்.

"அவரு வந்துடுவாராக்கா?" மதி திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"வந்துடுவாரு. இன்னும் போட்டோ கீது, பாரு."

அப்பாவுவின் செல்போனில் எடுத்தவை. அடுக்கிய பெட்டிகளின் இடுக்கில் மறைந்து நின்று எடுத்திருக்கிறார். முதல் படத்தில் பெட்டிக் கதவு, பழைய எண் பளிச்சென்று. இரண்டாவதில் ஒரு ஏணி. ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி அய்யாத்துரை. சட்டைப் பையில் அதே இரண்டு பேனா.

"மாட்டினான்!" என்று காஜா மேசையில் தட்டினான்.

மூன்றாவது படத்தில் ஏணியின் உச்சியில் பிரஷ் பிடித்தவன் முகத்தைத் திருப்பியிருந்தான்.

வல்லரசு.

சங்கமித்ராவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஸ்டாக்கர் ஓட்டுகிறவன் இரண்டு மாடி உயரத்தில் கேபினில் உட்கார்ந்திருப்பான். இரும்புக் கைதான் பெட்டியைத் தொடும். அவன் கை எதற்குப் பெட்டியில் படப்போகிறது? நகக் கண்ணில் எப்படிப் பெயிண்ட் வரும்? கேட்டபோதே தோன்றியிருக்க வேண்டும். நம்பர் அவனுக்குத் தெரியும், அவனே சொல்லட்டும் என்று அப்பாவு சொன்னாரே, அதற்கு வேறென்ன அர்த்தம்? அவன் பெயிண்டில் மறைத்த எண்ணையே பூட்டாகப் போட்டு, சாவியை அவன் வாயில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அவன் வாயைத் திறக்கவில்லை. கடலில் போடு என்றான். நிரபராதி விரக்தியில் சொன்னதாக நினைத்து அவள் நாலு நாள் தூங்காமல் கிடந்தாள்.

"தெரிஞ்சிகினேதான் தெரியாதுன்னாரா?" மதி திரையைப் பார்த்தே கேட்டாள்.

காஜா மெதுவாக ஆரம்பித்தான். "மேடம், ரெண்டாவது போட்டோல அய்யாத்துரை மட்டும்தான் கீறான். அது போதாதா? மூணாவத வுட்டுட்டா..."

"சி.டி.ல ஏத்தாமக்கூட வுடலாம்" என்றாள் தாஹிரா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சங்கமித்ராவுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டுத்தான் போயிருந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

"மதி, ஒடச்சே சொல்றேன். எல்லாத்தையும் குடுத்தா பீடி கேஸ் ஒழியும். ஆளக் கொன்னான்ற பேரு போவும். ஆனா நம்பர் மாத்தின கேஸ்ல உம்புருசனும் வருவான். மேனேஜர் சொல்லித்தான் செஞ்சான்னு நாம பேசலாம், ஆனா ஒடனே வூட்டுக்கு வர மாட்டான். மூணாவத மறைச்சா, ஏணி மேல யாருன்னு அய்யாத்துரையே சொல்லுவான். அப்போ உன்னையும் சேத்துப் பொய்க்காரின்னுவாங்க. நீதான் என்னக் கூப்புட்ட. நீ சொல்லு."

மதி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். திரும்பியபோது அதில் அழுகை இல்லை.

"பீம்ராவ் பொண்டாட்டி எங்க லைன்லதான் கீறா. தினம் குழாயடில என் குடம் ரொம்பறவரைக்கும் ஒதுங்கி நிப்பா. எம்புருசன்தான் அவ புருசனக் கொன்னான்னு ஊரே சொல்லச்சொல்லோ, அவ மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் அவ கைய புடிச்சிகினு, எம்புருசன் ஒண்ணும் பண்ணலன்னு சத்தியம் பண்ணேன்க்கா."

"எதையும் வெட்டாதீங்க. எல்லாத்தையும் குடுங்க" என்றாள். "பயந்துகினு செஞ்சானோ, வேல போயிடும்னு செஞ்சானோ, அத்த நான் புழல்ல வெச்சிக் கேட்டுக்கறேன். நல்லாக் கேப்பேன்."

சங்கமித்ரா மணியைப் பார்த்தாள். மூன்று பத்து.

"பாய், வண்டி."

"இந்தத் தபா டிரெய்லர் மேலயே ஏத்திடறேன் மேடம்."

*

மூன்று ஐம்பத்தெட்டுக்கு விசாரணை அலுவலக வராந்தாவில் ப்யூன் கையை நீட்டி மறித்தான். "டைம் முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு நீ ரிட்டையர்டா? உன் பின்னாடி கீற கடியாரத்தப் பாரு. ரெண்டு நிமிஷம் கீது" என்று சொல்லிவிட்டு சங்கமித்ரா அவன் கைக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். மதி பின்னாலேயே நுழைந்தாள். காஜா ப்யூனின் தோளில் கைபோட்டு, "நைனா, டீ சாப்ட்டியா?" என்று ஆரம்பித்தான்.

அதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எதிரே அய்யாத்துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அளந்து வைத்த சிரிப்பு வந்தது.

"அதைத் திறக்க முடியாது சார். ஏற்கெனவே எட்டொன்பது தடவை தப்பாப் போட்டுட்டாங்கன்னு அவங்க வக்கீலே சொன்னாரு. பத்தாவதும் தப்பானா எல்லாம் அழிஞ்சிடும்" என்றார் அதிகாரியிடம், ரொம்ப வருத்தத்தோடு.

சங்கமித்ரா பென் டிரைவை மதியின் கையில் கொடுத்தாள். அதிகாரியின் கம்ப்யூட்டரில் செருகிய மதி, காலர் தைக்கிற விரலால் ஒவ்வொரு எண்ணாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்கினாள். "ஆறு. எட்டு. ஒண்ணு. ஏழு..."

"மூணு" என்றபோது நாற்காலி கிரீச்சிட்டது. அய்யாத்துரையின் கால் தரைக்கு இறங்கியிருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கப்பல் சீட்டைப் பார்த்தார். உத்தரவைப் பார்த்தார். மூடிய பேனாவை மறுபடி திறந்தார். மூன்றாவது படத்தில் நெடுநேரம் நின்றார்.

"ஏணி மேல நிக்கிறது யாரும்மா?"

மதி ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"எம்புருசன் வல்லரசு சார். எழுதிக்கோங்க." அவள் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "கீழ ஏணியப் புடிச்சிகினு நிக்கிறாரே, அவரு யாருன்னு நீங்களே அவர்கிட்டக் கேளுங்க. எதிர்லதான குந்திகினு கீறாரு."